காசு வராத ஆள்

கூட்டம் முன் விறாந்தையில் நடந்தது. வந்திருந்தோர் விபரம்: கை வைத்த ஒரே கதிரையில் பராசக்தி அம்மா. தன் தோல் சூட்கேசின் மேல் எட்வேர்ட் மாஸ்ரர். கால் முழுக்கச் சேறு என்பதால் வாசற்படியில் மார்க்கண்டர். குசினி வாசலில் அகப்பையோடு சமையல்காரி அற்புதராணி. அவள் இருக்கவில்லை, நின்றாள். ஆகவே அவளை வந்தவர்களோடு சேர்ப்பதா விடுவதா என்று முத்துக்குமாரு சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். நடுவில் மேசை. மேசைக்குப் பின்னால், கழுத்துப் பொத்தானையும் பூட்டிய சேட்டோடு முத்துக்குமாரு.

அவர் கூட்டுறவுப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவர். சங்கக் கடைகளில் எலி தின்ற அரிசி எது, மனேச்சர் தின்ற அரிசி எது என்று பிரித்துக் காட்டிப் பேரெடுத்தவர். இரண்டு வருடமாக நல்லூரில் இந்த வீட்டுக்கு அவர்தான் மனேச்சர்.

வீடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வயோதிபர்களை மாதக் காசுக்கு வைத்துப் பராமரிக்கும் இடம் அது. ஆனால் முதியோர் இல்லம் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. பெற்ற தாயைக் காசு கட்டி ஒரு வீட்டில் விட்டிருக்கிறான் என்று வெளியே தெரிந்தால், ஜேர்மனியில் இருக்கிற மகனுடைய மானம் கொடிகாமம் சந்தையில் கூறு போட்டு விற்கப்படும். அதனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தோடு வந்திருந்தார்கள்.

பராசக்தி அம்மா நல்லூர்த் திருவிழா பார்க்க வந்தவர். அந்தத் திருவிழா முடிந்து, அடுத்த வருடத்துத் திருவிழாவும் முடிந்துவிட்டது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கண்டர் இந்த வீட்டு வளவையும் தோட்டத்தையும் பார்க்க வந்தவர். கீரிமலைப் பக்கம் இருந்த அவருடைய சொந்த வளவை இப்போது ஆமி முகாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்வேர்ட் மாஸ்ரர் இலண்டன் விசாவுக்குக் காத்திருப்பவர். எந்த நேரமும் வெளிக்கிட வேண்டி வரலாம் என்பதால் சூட்கேசை அவிழ்ப்பதில்லை.

முத்துக்குமாரு கடிதத்தைப் பிரித்தார். வீட்டின் சொந்தக்காரி மியூரியல் வெள்ளவத்தையில் இருந்து எழுதியது. தபாலை நம்பினால் மாதக்கணக்காகும் என்பதால், கிளாலிக் கடலேரி தாண்டிக் கொழும்புக்குப் போய்வரும் யாவாரி லியோன் கையோடு கொண்டுவந்திருந்தான். இந்த வீட்டுக்கு அவன் கொண்டுவந்த முதற் கடிதம் அது.

"எல்லாரும் கேளுங்கோ" என்றுவிட்டு முத்துக்குமாரு வாசித்தார். "'பக்கத்தில் ரியூசன் நடத்தும் பரமலிங்கம் வீட்டை முழுதாக வாடகைக்குக் கேட்கிறார். வீட்டால் எனக்கு இலாபம் வேண்டாம், கைக்காசு போகாமல் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் தையோடு அவரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அதற்குள் ஒருவருடைய காசு ஆடிக்குப் பிறகு வரவேயில்லை. ஆர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் அனுபவசாலி. விளங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.'"

 வெளியே ரியூசன் கொட்டிலில் இருநூறு பிள்ளைகள் ஒரே குரலில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, கடிதம் உங்களுக்கெல்லே வந்தது" என்றாள் அற்புதராணி. "அதை ஏன் கூட்டம் வைச்சு வாசிக்கிறியள்?"

"எனக்கு வந்தது மனேச்சர் எண்ட முறையிலை."

"ஓமோம், அந்த முறையிலைதான்" என்றார் பராசக்தி அம்மா, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு.

"வீடு போனால் நீங்கள் எல்லாரும் றோட்டிலை. அது விளங்குதோ? ஆகவே ஒளிக்காமல் சொல்லவேணும். ஆரின்ரை காசு வரேல்லை?"

"காசோ?" மார்க்கண்டர் படியில் இருந்தபடி திரும்பினார். "நான் வளவு பாக்கிற ஆள். நியாயப்படி பாத்தால் எனக்கெல்லோ நீங்கள் தரவேணும்."

"திருவிழாவுக்கு வந்த சனத்திட்டை ஆரும் காசு கேப்பினமோ?" என்றார் பராசக்தி அம்மா.

"நான் ட்ரான்சிற்றிலை நிக்கிறவன் ஐசே" என்றார், எந்தப் பேச்சிலும் இங்கிலீசு 'ஐ சே' போடும் எட்வேர்ட் மாஸ்ரர்.

முத்துக்குமாருவுக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைகள் கட்டும் காசெல்லாம் கொழும்பில் மியூரியலின் கைக்குப் போகும். இங்கே சமையற் செலவுக்குரியது மட்டும் வரும். வரவு கொழும்பிலும் செலவு நல்லூரிலுமாக இருந்தால் எந்தப் பரிசோதகரால்தான் என்ன செய்ய முடியும்? லியோனைக் கேட்கலாம். ஆனால் கடிதம் காவுகிறவனிடம் கணக்கு விசாரிப்பது முறையல்ல.

"உங்கடை பிள்ளையளை நினைக்க எனக்கு வெக்கமாய்க் கிடக்கு" என்றார். "என்னைப் பாருங்கோ. இந்த வயதிலையும் என்ரை சம்பளத்திலை ஒரு சதம் நான் தொடுறேல்லை. கனடாவிலை மகள் வீடு வாங்கிக் கஷ்டப்படுகுது எண்டு முழுக்க அங்கைதான் அனுப்பச் சொல்லியிருக்கிறன். பெத்தவன் பிள்ளைக்குக் குடுக்கிறான். பிள்ளை பெத்தவனுக்குக் குடுக்காதோ?"

எட்வேர்ட் மாஸ்ரர் சூட்கேசின் பூட்டைத் துடைக்கத் தொடங்கினார். மார்க்கண்டர் காலில் இருந்த சேற்றைச் சுரண்டினார்.

"பிழை எங்கை எண்டு எனக்குத் தெரியும்" என்று முத்துக்குமாரு எழுந்தார். "இந்த வீட்டிலை ஒருதரும் தான் ஆரெண்டு ஒத்துக்கொள்ளுறேல்லை. நாளையிலை இருந்து திருவிழாவும் இல்லை, வளவும் இல்லை, விசாவும் இல்லை. எல்லாரும் காசு கட்டி இருக்கிற இல்லவாசியள். அப்பிடி இருந்தால்தான் கணக்கு நேராகும்."

"ஐயா, வேண்டாம்" என்றாள் அற்புதராணி. "ஆரின்ரை காரணத்தையும் கிளறாதேங்கோ. உதுகள் எல்லாம் சும்மா மூடிக் கிடந்தால்தான் நல்லது."

"நீ அடுப்பைப் பார், பிள்ளை."

அடுத்த நாட் காலை மார்க்கண்டர் கிணற்றடிக்குப் போகவில்லை. வெயில் ஏறும்வரை பாயில் கிடந்தார்.

"என்ன மார்க்கண்டர், சுகமில்லையோ? கத்தரிக்குத் தண்ணி விடேல்லை?"

"இல்லவாசி ஏன் ஐயா தண்ணி இறைக்கவேணும்?" மார்க்கண்டர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். "என்ரை மகன் காசு கட்டுறானெல்லே. நான் படுக்கப்போறன்."

கிழமை முடியுமுன் கத்தரி சுருண்டது. பயிற்றை மஞ்சளாகியது. இரண்டு வருடமாக இந்த வீட்டுக்கு மரக்கறி வாங்கியதில்லை என்ற விடயம் அப்போதுதான் முத்துக்குமாருவுக்குத் தெரியவந்தது. கொடிகாமத்தில் இருந்து சைக்கிளில் கொண்டுவந்து விற்பவன் சொன்ன விலையைக் கேட்டு அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பராசக்தி அம்மா தேங்காய் துருவுவதை விட்டார். விருந்துக்கு வந்தவர் குசினியில் கை கொடுப்பது மரியாதை. காசு கட்டினவர் கை கொடுப்பது மடைத்தனம். அத்தோடு காலையில் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும் என்றும் கேட்டார். சுடுதண்ணீருக்கு விறகு வேண்டியிருந்தது.

எட்வேர்ட் மாஸ்ரர் பின்னேரங்களில் பரமலிங்கத்தின் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக் கொடுத்துவந்தார், விசா வரும்வரை பொழுதுபோக்காக. பரமலிங்கம் காசு கொடுப்பதில்லை. கிழமைக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொடுத்தனுப்புவார். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் அது பொன்னுக்குச் சமம். இப்போது மாஸ்ரர் போகவில்லை. "எனக்கு விசா வராதெண்டு மனேச்சரே சொல்லிப்போட்டார். இனி ஏன் பொழுதைப் போக்குவான்? அது தானாய்ப் போகும்" என்றார்.

வீட்டில் ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்பதில் குசினிக்கும் கக்கூசுக்கும் இடையே தினமும் தகராறு.

முத்துக்குமாரு கூட்டிப் பார்த்தார். காரணங்களை ஒழித்த நாளில் இருந்து செலவு இரண்டு மடங்கு.

"சொன்னனான்" என்றாள் அற்புதராணி.

"செலவு கூடினால் வரவைக் கூட்டவேணும்" என்றார் முத்துக்குமாரு. "ஆக்கள் காணாது. ரெண்டு அறை சும்மா கிடக்கு. பலகையிலை ஒரு போட் எழுதிப் போட்டால் சனம் வரும்."

"போட் பலகையோ? ஐயோ, றோட்டிலையோ?"

தேயிலைப் பெட்டிப் பலகையொன்றில் அவரே தம் அழகான கையெழுத்தில் எழுதினார்: மியூரியல் முதியோர் இல்லம். இடமுண்டு. மனேச்சரைக் காண்க.

கேற்றில் அதைக் கட்டிய அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த தியாகலிங்கம் சைக்கிளை நிறுத்தினார். அவர் பராசக்தி அம்மாவின் தங்கை மகன். பலகையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு விறாந்தையைப் பார்த்தார்.

"பெரியம்மா! நீங்கள் திருவிழாவுக்கு வந்து தெரிஞ்ச ஆக்கள் வீட்டிலை நிக்கிறியள் எண்டெல்லோ ஜேர்மனி அண்ணை சொன்னவர்?"

"திருவிழாவுக்குத்தான் ராசா வந்தனான்."

"கொடி இறக்கி எத்தினை மாசம்?"

"இனி அடுத்த கொடி ஏறப்போகுதுதானே" என்றார் பராசக்தி அம்மா.

தியாகலிங்கம் மனேச்சரிடம் திரும்பினார். "எங்கடை குடும்பத்திலை ஆக்கள் இல்லையெண்டு நினைச்சீரோ? ஊரெல்லாம் வாசிக்கப் போட் போட்டு எங்கடை பெரியம்மாவை உள்ளுக்கு வைச்சிருக்கிறீர்? இது என்ன, மாட்டுக் கொட்டிலோ?"

"தம்பி, இஞ்சை எல்லாம் ஒழுங்காய்..."

"காணும். நான் காரோடை வாறன்."

வந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார். அது விட்ட புகையில் ரியூசன் கொட்டிலில் வகுப்பு நின்றது. பராசக்தி அம்மா ஒரு பையோடு படியிறங்கினார். தியாகலிங்கம் வீட்டில் ஏற்கெனவே இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பம் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். பாய் விரிக்க இடம் கிடைத்தால், அது அம்மியடியிலாகத்தான் இருக்கும்.

மனேச்சருக்கு நேரே வந்து நின்றார். கோபிக்கவில்லை.

"நான் திருவிழா பாக்க வந்தவள் எண்டே இருந்திருந்தால் உமக்கு என்ன குறைஞ்சு போச்சுது, முத்துக்குமாரு?"

அவர் மனேச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.  அவருடைய கை வைத்த கதிரை அன்று முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் அதில் போய் இருக்கவில்லை.

வரவைக் கூட்டப் போட்ட பலகையால் ஆள் ஒன்று குறைந்தது என்பதைப் பின்னேரம்தான் அவர் கணக்கில் எழுதினார்.

பலகையைக் கண்டு வந்த இன்னொருவர் பரமலிங்கம். ஒரு கையில் சோக்குத் தூள், மறு கையில் பிரம்பு.

"இடமுண்டு எண்டு போட்டிருக்கிறியள். வயது போனவைக்கு மட்டும்தானோ?"

"பின்னை?"

"எனக்கு வீடு முழுக்க வேணுமெண்டில்லை, மனேச்சர். நல்ல காத்தோட்டமான அறை ஒண்டு தந்தாலும் காணும். சோதினை வகுப்புப் போடலாம். அந்த ஒண்டுக்கே மியூரியலக்கா கேக்கிறதைக் குடுப்பன். முழு வீட்டுக் கதையை விட்டிடுறன்."

முத்துக்குமாரு அவரை அனுப்பிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். சும்மா கிடக்கும் இரண்டு அறையும் இருட்டு, கூரையும் ஒழுக்கு; பராசக்தி அம்மா இருந்த அறைக்குக் காற்றே வராது. நல்ல அறைகளில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் காசு வராத ஆளை அனுப்பிவிட்டால்? அந்த ஆளின் சாப்பாட்டுச் செலவு இல்லை, அந்த அறைக்கு வாடகை வரும், வீடு தப்பும். மற்றவர்கள் தப்புவார்கள். முதன்முறையாகத் தாளின் கீழே இலாபம் விழுந்தது. சிறியது. ஆனால் இலாபம்.

"இனி ஆளைக் கண்டுபிடிக்கிறதுதான் மிச்சம்" என்றார்.

அற்புதராணி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஐயா, விடுங்கோவன். மியூரியலக்காவே பாத்துக்கொள்ளட்டும்."

"அவவுக்கு மனம் வரேல்லை எண்டெல்லே எழுதியிருக்கிறா? மனம் வராத வேலையைச் செய்யத்தானே மனேச்சர்."

அவர் முறைப்படி ஆராய்ந்தார். பராசக்தி அம்மாவின் மகன் ஆடிக்குப் பிறகும் கடிதம் எழுதியிருந்தான்; அத்தோடு அவர் போயும்விட்டார். மார்க்கண்டரின் மகன் புதுக் காருக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்து அனுப்பியிருந்தான். கார் வாங்கியவன் தகப்பனுக்குக் கட்டாமல் விடமாட்டான். எட்வேர்ட் மாஸ்ரரின் மகனிடம் இருந்து ஆடிக்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. அவ்வளவுதான். வழக்கு முடிந்தது.

மாஸ்ரர் கிணற்றடியில் தன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், ஒரு விசயம் கதைக்கவேணும்."

"கதையும்."

"காசு வராத ஆள் ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

மாஸ்ரரின் கை நின்றது. அவர் நிமிர்ந்து முத்துக்குமாருவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டீரோ?" என்றார் மெதுவாக. "இரும். முதல்லை இரும். தண்ணி ஏதும் குடிக்கிறீரோ?"

"எனக்கேன் தண்ணி? உமக்குத்தான் கஷ்டம். நீர்தானே அந்த ஆள்."

 மாஸ்ரர் மறுபடியும் சப்பாத்தை எடுத்தார். "ஓ" என்றார்.

"எனக்கும் விருப்பமில்லை. ஆனால் ஒருதருக்காக வீட்டையே இழக்க ஏலாது."

"ஒரு கேள்வி, ஐசே. அந்த ஆளுக்குப் போக வேறை இடம் இல்லாட்டில்?"

"அது மனேச்சற்றை பொறுப்பில்லை. பிள்ளையின்ரை பொறுப்பு."

"பிள்ளைக்கும் அங்கை ஏதேனும் இடைஞ்சல் இருக்கலாம். வேலை போயிருக்கும். வருத்தம் துன்பம் வந்திருக்கும்."

"சும்மா இரும். பாசமிருந்தால் வழியிருக்கும். காசு வரேல்லை எண்டால் தகப்பன் பிள்ளையை வளத்த வளப்புப் பிழை. மனவருத்தப்படாதையும், உள்ளதைச் சொல்லுறன்."

மாஸ்ரர் ஒரு சப்பாத்தை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். அது ஏற்கெனவே பளபளத்தது. ஆனாலும் துடைத்தார்.

"சரி, நான்தான். எழுதும்."

"ஒத்துக்கொள்ளுறீரோ?"

"ஓம். ஆனால் என்ரை பேரைப் போட்டு எழுதும். எட்வேர்ட் எண்டு முழுசாய்."

"சீச்சீ! மியூரியல் அம்மாவே பேர் போடாமல் எழுதியிருக்கிறா. உத்தியோகக் கடிதத்திலை ஒரு மரியாதை இருக்கு. உம்மடை பேரைக் கெடுக்க மாட்டன்."

"என்ரை பேர் கெட்டால் கெடட்டும். பேரைப் போடும் ஐசே, கெஞ்சிக் கேக்கிறன். போடாட்டில் பிழையாய்ப் போயிடும்."

"என்ரை றிப்போட் ஒண்டும் இண்டைவரைக்கும் பிழையாய்ப் போனதில்லை" என்றார் முத்துக்குமாரு.

கடிதத்தை எழுத அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவருடைய அறையில்தான் எழுதினார். முன்பக்கத்து அறை. வீட்டிலேயே நல்ல காற்றோட்டம் அங்கேதான்.

'அன்புள்ள அம்மா அவர்கட்கு, தங்கள் கடிதத்தின் உட்கருத்து நன்கு விளங்கியது. ஆடிக்குப் பின் பணம் வராதவர் யாரென்பதை நாம் இருவரும் அறிவோம். அவருடைய மானத்தை முன்னிட்டுத் தங்களைப் போலவே நானும் பெயரைத் தவிர்க்கின்றேன். அவரை இம்மாத முடிவோடு வெளியேற்றி, அவரது அறையைத் திரு. பரமலிங்கத்துக்கு வாடகைக்குக் கொடுப்பதே வீட்டைக் காப்பாற்ற ஒரே வழி. இவ்விடயத்தில் இரக்கம் காட்டவேண்டாம் என்று மனேச்சர் என்ற முறையில் அழுத்திக் கூறுகின்றேன். அவர் பின்னர் வந்து கெஞ்சினாலும் முடிவை மாற்றவேண்டாம். இதுவே எனது இறுதியான, பூரண சம்மதம்.'

கையெழுத்து வைத்தார். வாசித்துப் பார்த்தார். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

உறைக்குப் பசை கிடையாது. குசினிக்குப் போய் இரண்டு சோற்றுப் பருக்கை கேட்டார். அற்புதராணி கொடுத்தாள். "என்ன எழுதினியள் ஐயா?" என்று கேட்டாள். "வீடு தப்பும்" என்றார். பருக்கையைப் பெருவிரலால் நசுக்கித் தேய்த்து, உறையை ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தார்.

அங்கே நின்ற லியோனிடம் கொடுத்தார்; அவன் ஊர் தாண்டிப் போகப் பாஸ் எடுத்துவிட்டான். சைக்கிள் கரியரில் மூட்டை, பாரில் இன்னொரு மூட்டை. விடியுமுன் கரை தாண்ட வேண்டும் என்று அவசரப்பட்டான். எட்வேர்ட் மாஸ்ரர் சப்பாத்தும் போடாமல் பின்னால் ஓடிவந்தார்.

"லியோன், அந்தக் கடிதத்தை ஒருக்கால் தாரும். நான் ஒரு வரி எழுதவேணும்."

"உத்தியோகக் கடிதம்!" முத்துக்குமாரு குறுக்கே கையை நீட்டினார். "சம்பந்தப்பட்ட ஆளே அதிலை கை வைக்க ஏலாது. நீ போ தம்பி, நேரம் போகுது."

லியோன் கடிதத்தைச் சேட்டுக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான். மாஸ்ரர் சைக்கிள் சீற்றைப் பிடித்தார். முத்துக்குமாரு அந்தக் கையை மரியாதையாக எடுத்துவிட்டார். சைக்கிள் ஆடி ஆடி நேராகி ஒழுங்கைக்குள் இறங்கியது. நிறைந்த மனதோடு முத்துக்குமாரு கையசைத்தார்.

மூலை திரும்ப முன் லியோன் காலை ஊன்றாமலே தலையை மட்டும் திருப்பிக் கத்தினான்:

"ஐயா, கனடாவுக்கும் ஒரு கடிதம் தந்திருக்கலாம், கொண்டுபோயிருப்பன்! மற்ற எல்லாற்றை பிள்ளையளும் ஒழுங்காய்க் கட்டுகினமாம், உங்கடை மகள்தான் ஆடிக்குப் பிறகு உங்களுக்குக் காசு கட்டேல்லையெண்டு மியூரியலக்கா சொன்னவ!"